முதலில் ஒரு மாதிரித் துண்டு

கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்துவிட்டால் நம் தங்கவயல் வீடுகளில் பின்னல் ஊசிகள் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். கடல் மட்டத்திற்கு 800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த ஊர் இது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைப்பு நாடி இங்கு வந்த நம் முன்னோருக்குச் சொந்த ஊரில் கம்பளி உடை தேவைப்பட்டதில்லை. இங்கு வந்த பின்னர்தான் அதன் அருமையை உணர்ந்தனர். சுரங்கத்தின் ஆழ்ந்த மட்டங்களில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கும் மேல். அங்கே வியர்வையில் தோய்ந்து உழைத்தவர்கள் இரவுப் பணி முடிந்து மேலே வந்ததும் பனிக்காற்றில் நடந்து வீடு சேர வேண்டும். அவர்களுக்காகவே தாய்மார்கள் ஊசி பிடிக்கக் கற்றனர்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் குளிர் நம்மை விட்டபாடில்லை. இன்று நம் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகத்திலும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அன்று சுரங்க வாயிலில் தேவைப்பட்ட கம்பளிச் சட்டை இன்று நடைமேடையில் தேவைப்படுகின்றது.

இத்திங்கள் இப்பகுதியில் ஸ்வெட்டர் பின்னுவதைப் பற்றி எழுதுமாறு சகோதரிகள் சிலர் கேட்டிருந்தனர். "புத்தகத்தில் கண்டபடியே பின்னினோம், சட்டை மட்டும் அளவுக்கு வரவில்லை" என்பதே அவர்களுடைய குறை. இரயில்வே எழுத்தனுக்கும் பின்னல் வேலைக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். இதே குறையால் என் குடும்பம் ஒரு குளிர்காலம் முழுவதும் துன்புற்றது. அதனை நேரில் கண்டவன் என்ற உரிமையால் எழுதுகின்றேன்.

2003ஆம் ஆண்டு அது. எனக்குப் பதினொரு வயது. அப்பா சுரங்கத்தில் வேலை இழந்து இரண்டாண்டுகள் கடந்துவிட்டன. கையிலிருந்த பணம் கரைந்துகொண்டிருந்தது. அந்நிலையில் வணிகர் ஒருவர் குழந்தைகளுக்கான ஸ்வெட்டர்கள் பன்னிரண்டு வேண்டுமென்று அம்மாவிடம் முன்பணம் கொடுத்தார். எல்லாம் ஒரே அளவு. 28 அங்குல மார்புள்ள பிள்ளைகளுக்கு உரியவை. உள்ளே ஒரு சட்டை அணிய இடம் வேண்டுமாகையால் சுற்றளவு 30 அங்குலம் இருக்க வேண்டும்.

அம்மா பதினைந்து ஆண்டுகளாகப் பின்னி வந்தவர். ஓர் அங்குலத்திற்கு 6 கண்ணி என்பது அவருக்கு மனப்பாடம். முன்பக்கம் 15 அங்குலம், பின்பக்கம் 15 அங்குலம். பக்கத்திற்கு 90 கண்ணி என்று கணக்கிட்டு வேலையைத் தொடங்கிவிட்டார். நூல் மட்டும் புதியது. வழக்கமாக வாங்கும் நூல் கிடைக்கவில்லையென்று கடைக்காரர் வேறு ஆலையின் நூலைக் கடனுக்குக் கொடுத்திருந்தார். இரவு பகலாகப் பின்னி நாற்பது நாட்களில் பன்னிரண்டையும் முடித்தார்.

வணிகர் வந்து அளவு நாடாவை வைத்துப் பார்த்தார். 30 அங்குலம் இருக்க வேண்டிய சட்டை 28 அங்குலம்கூட இல்லை. பன்னிரண்டும் அவ்வாறே இருந்தன. அவர் கடுஞ்சொல் ஏதும் கூறவில்லை. "என்னால் இவற்றை விற்க முடியாது அம்மா" என்று சொல்லிவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. அப்பணமோ அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் போய்விட்டது. கடைக்காரருக்கு நூற்கடன் வேறு.

அன்றிரவு அப்பா கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கின்றது.

"ஏம்மா, சுரங்கத்தில் கல்லை மில்லுக்கு அனுப்புமுன் மாதிரி எடுத்துச் சோதிப்பார்களே, நீ இந்த நூலுக்கு மாதிரி பார்த்தாயா?"

"பதினைந்து வருடமாகப் பின்னுகிற கைக்கு மாதிரி எதற்குங்க?" என்றார் அம்மா.

"கை அதேதான். நூல் அதேதானா?"

அம்மாவிடம் விடையில்லை. மறுநாள் காலை புதிய நூலில் ஒரு சிறு துண்டு பின்னி எண்ணிப் பார்த்தார். 4 அங்குலத்தில் 24 கண்ணி இருக்க வேண்டும், 26 இருந்தன. பெட்டியில் எஞ்சியிருந்த பழைய நூலை எடுத்து, அதே ஊசியால் மற்றொரு துண்டு பின்னினார். அதில் 25 இருந்தன. நூல் மாறியது மட்டுமன்று. கவலையினால் அம்மாவின் கையும் இறுகிப் போயிருந்தது. கையும் அதேயில்லை என்பதை அன்றுதான் எங்கள் வீடு அறிந்தது.

அன்பர்களே, இந்த அளவைத்தான் பின்னல் புத்தகங்கள் 'டென்ஷன்' என்றும் 'கேஜ்' என்றும் குறிப்பிடுகின்றன. குறிப்பிட்ட நூலை, குறிப்பிட்ட ஊசியால், குறிப்பிட்ட ஒருவர் பின்னும்போது 4 அங்குல அகலத்தில் எத்தனை கண்ணிகளும், 4 அங்குல உயரத்தில் எத்தனை வரிசைகளும் அமைகின்றன என்பதே அது. மெட்ரிக் அளவில் 10 சென்டிமீட்டர் என்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

'கேஜ்' என்னும் சொல் எங்கள் இரயில்வேக்கும் உரியது. 1894இல் போடப்பட்ட நம் மாரிக்குப்பம் பாதை 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. 1913இல் பங்காருபேட்டையிலிருந்து கோலாருக்குப் போடப்பட்டதோ 762 மில்லிமீட்டர் குறுகிய பாதை. ஒரே நிலையத்தில் இரண்டும் சந்தித்தாலும் ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடவில்லை. பிற்காலத்தில் கோலார் பாதை அகலப்படுத்தப்படும்வரை பயணிகள் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. புத்தகம் எழுதியவரின் கையளவும் உங்கள் கையளவும் வேறுபட்டால் அவருடைய கண்ணிக் கணக்கு உங்கள் சட்டைக்குப் பொருந்தாது.

வேறுபாடு சிறிதாகத் தோன்றும். விளைவு பெரிதாக இருக்கும். அம்மாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அங்குலத்திற்கு 6 கண்ணி வீதம் 90 கண்ணி 15 அங்குலம் தரும். அங்குலத்திற்கு 6½ கண்ணியானால் அதே 90 கண்ணி 13.8 அங்குலமே தரும்; இரு பக்கமும் சேர்ந்து 27.7 அங்குலம். பிள்ளையின் மார்பளவைவிடச் சட்டை சிறிதாகிவிட்டது! மாறாகக் கை தளர்ந்து அங்குலத்திற்கு 5½ கண்ணியானால் சுற்றளவு 32.7 அங்குலமாகித் தோளை விட்டு வழியும். அரைக் கண்ணி செய்யும் வேலை இது.

"பாதி பின்னும்போதே தெரியாதா?" என்று கேட்கலாம். தெரிவது அரிது. ஊசியில் கோத்திருக்கும் துணி சுருங்கியிருக்கும், இழுத்தால் நீளும். அளவு குறைவோ என்ற ஐயம் எழும்போதெல்லாம் நம் கை தன்னையறியாமல் சற்று இழுத்துப் பார்த்து, 'சரியாகத்தான் உள்ளது' என்று மனத்தைத் தேற்றிவிடும். அம்மாவும் அவ்வாறே தேற்றிக்கொண்டார்.

இனி, மாதிரித் துண்டு பின்னும் முறையைக் கூறுகின்றேன்.

சட்டைக்கு எந்த நூலோ அதே நூல், எந்த ஊசியோ அதே ஊசி, எந்தப் பின்னலோ அதே பின்னல் என்பது முதல் விதி. மூங்கில் ஊசியில் நூல் சற்றுத் தயங்கும், உலோக ஊசியில் வழுக்கும், அளவு மாறும். ஆதலால் ஊசியின் பருமன் மட்டுமன்றிப் பொருளும் ஒன்றாக இருத்தல் நலம்.

4 அங்குலத்திற்கு 24 கண்ணி என்று புத்தகம் கூறினால், 24 மட்டும் ஏற்றிப் பின்னாதீர்கள். ஓரக் கண்ணிகள் சுருண்டும் தளர்ந்தும் கணக்கைக் கெடுக்கும். 36 கண்ணி ஏற்றி, 6 அங்குல உயரத்திற்குப் பின்னுங்கள். மிகுந்த கவனத்தோடு ஒவ்வொரு கண்ணியையும் அழகுபடுத்திப் பின்ன வேண்டுவதில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டோ, அண்டை வீட்டாருடன் பேசிக்கொண்டோ வழக்கமாக எவ்வாறு பின்னுவீர்களோ அவ்வாறே பின்னுங்கள். நாம் அறிய வேண்டியது உங்கள் அன்றாடக் கையின் அளவை.

பின்னியதும் எண்ணத் தொடங்கிவிடாதீர்கள். சட்டையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துண்டையும் துவையுங்கள். ஆட்டுக் கம்பளி வெந்நீரில் கசக்கினால் சுருங்கித் தடித்துவிடும். பருத்தி நூல் தன் எடையாலேயே நீளவாட்டில் தொங்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூல் சுருங்காது. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் தளர்ந்துவிடும், மீண்டும் இறுகாது. துவைத்த துண்டை முறுக்கிப் பிழியாமல் ஒரு துணிக்குள் சுருட்டி அழுத்தி நீரை ஒற்றியெடுத்து, நிழலில் பரப்பி, ஓர் இரவு உலரவிடுங்கள்.

மறுநாள் அதைச் சமதளமான மேசையின்மேல் இழுக்காமல் பரப்புங்கள். துணி நாடா நாளடைவில் நீண்டுவிடும். ஆகையால் பிள்ளைகளின் பள்ளி அளவுகோலையே பயன்படுத்துங்கள். துண்டின் நடுவில் 4 அங்குல இடைவெளிவிட்டு இரண்டு குண்டூசிகளைக் குத்தி, இடையிலுள்ள கண்ணிகளை எண்ணுங்கள். அரைக் கண்ணியையும் கணக்கில் சேருங்கள். அதை விட்டுவிடுவதே பலர் செய்யும் பிழை. ஓரிடத்தில் மட்டுமன்றி மூன்றிடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள். பின்னர் மேலிருந்து கீழாக வரிசைகளையும் அவ்வாறே எண்ணுங்கள்.

கணக்கு ஒத்துவந்தால் மகிழ்ச்சி. ஒத்துவராவிட்டால் ஊசியை மாற்ற வேண்டும். கண்ணிகள் அதிகமாக இருந்தால் கை இறுக்கம் என்று பொருள். பருத்த ஊசி எடுங்கள். குறைவாக இருந்தால் கை தளர்ச்சி. மெல்லிய ஊசி எடுங்கள். மீண்டும் ஒரு துண்டு பின்னிப் பாருங்கள். "இனிமேல் தளர்த்திப் பின்னுகிறேன்" என்று உறுதி பூண்டு பயனில்லை. இரண்டு வரிசை நினைவிருக்கும். மூன்றாம் வரிசையில் கை தன் பழக்கத்திற்கே திரும்பிவிடும்.

ஊசி மாற்றும்போது எண்களில் ஏமாறாதீர்கள். நம் வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் பழைய ஆங்கில எண்கள் கொண்டவை. அம்முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 7 என்பது 4.5 மில்லிமீட்டர், 8 என்பது 4 மில்லிமீட்டர், 9 என்பது 3.75, 10 என்பது 3.25. அமெரிக்க முறையில் எண் கூடக்கூட ஊசி பருக்கும். அங்கு 8 என்பது 5 மில்லிமீட்டர். அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்து நம் வீட்டு 8ஆம் எண் ஊசியை எடுத்தால் சட்டை பொம்மைக்குத்தான் ஆகும். ஆதலின் எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைப் பார்த்து எடுங்கள்.

கண்ணிக் கணக்குச் சரியாகி வரிசைக் கணக்கு மட்டும் சற்றுப் பிசகினால் அஞ்ச வேண்டாம். உடல் நீளத்தைச் சில வரிசைகள் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளலாம். அக்குளிலிருந்து கழுத்துவரை சரிவாகக் குறைத்துப் பின்னும் ராக்லன் தோள் வைத்த சட்டையாயின் வரிசைக் கணக்கும் பொருந்தியே ஆக வேண்டும். இல்லையேல் அக்குள் பிடிக்கும்.

குரோஷா வேலைக்கும் இவையனைத்தும் பொருந்தும். அங்கே ஊசி ஒன்றே. அதன் தண்டின் பருமனே கண்ணியின் அளவைத் தீர்மானிக்கும். மெல்லிய கழுத்துப் பகுதியிலேயே நூலை இறுக்கிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அவர்களுடைய வேலை விறைத்துப் போகும். முதல் சங்கிலி வரிசை மற்ற வரிசைகளைவிட இறுக்கமாக அமைவதும் இயல்பு. எனவே அதன் அருகில் அளக்காமல் நடுவில் அளக்க வேண்டும். மேசை விரிப்பு ஓர் அங்குலம் கூடினால் எவரும் கேட்கப்போவதில்லை. உடுத்தும் உடைக்கு அச்சலுகை கிடையாது.

"இத்தனைக்கும் நூல் வீணாகுமே" என்று கூறும் சகோதரிகள் உண்டு. 6 அங்குலச் சதுரத் துண்டிற்கு ஏறத்தாழ 10 கிராம் நூல் போதும். நூல் பற்றாக்குறையானால் அத்துண்டையே பிரித்து இறுதியில் பயன்படுத்தலாம். பிரிக்காமல் வைத்திருந்தால் பின்னாளில் முழங்கை கிழியும்போது ஒட்டுப் போட உதவும். நாற்பது நாள் உழைப்பை வைத்துப் பார்த்தால் ஓர் இரவும் பத்துக் கிராமும் பெரிதல்ல.

எலிசபெத் ஜிம்மர்மன் என்னும் அம்மையார் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர், 1999இல் மறைந்தார். பின்னற்கலையில் பெரும்புகழ் பெற்ற அவர் புத்தகக் கணக்கை நம்பியிராமல், தன் கையளவிலிருந்தே முழுச் சட்டையையும் கணக்கிட வழி காட்டினார். அங்குலத்திற்கான கண்ணிகளை வேண்டிய சுற்றளவால் பெருக்கினால் உடலுக்குரிய கண்ணிகள் கிடைக்கும். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மணிக்கட்டுக்கு, மூன்றில் ஒரு பங்கு மேற்கைக்கு, நூற்றுக்கு நாற்பது கழுத்துக்கு என்பது அவருடைய முறை. மாதிரித் துண்டு உண்மை பேசினால் புத்தகமே இன்றிச் சட்டை பின்னலாம் என்பது இதனால் விளங்கும்.

மீண்டும் எங்கள் வீட்டுக் கதைக்கு வருகின்றேன். அம்மா பன்னிரண்டு சட்டைகளையும் பிரித்தார். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அதை அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒழுங்காக அமையா. அப்பா அதனை நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கிடங்களில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நிழலில் தொங்கவிட்டார். எங்கள் சிறிய வீட்டின் கொடி முழுவதும் சிவப்புச் சிட்டங்கள் தொங்கியது நினைவிருக்கின்றது. அம்மா 8ஆம் எண் ஊசியில் துண்டு பின்னினார், 25 வந்தது. 7ஆம் எண்ணில் 24 வந்தது. அதன் பின்னரே சட்டை தொடங்கினார். வணிகர் காத்திருக்கவில்லை, அந்தக் குளிர்காலம் எங்களுக்கு வருவாயின்றியே கழிந்தது. அடுத்த ஆண்டு அச்சட்டைகள் ஒவ்வொன்றாக அண்டை அயலில் விலைபோயின. கடனும் தீர்ந்தது.

அன்று முதல் மாதிரித் துண்டின்றி எங்கள் வீட்டில் ஒரு சட்டையும் தொடங்கியதில்லை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு சீட்டுக் கட்டி, ஆண்டு, நூல், ஊசி எண், கண்ணிக் கணக்கு ஆகியவற்றை எழுதி, பிஸ்கட் தகரப் பெட்டியொன்றில் போட்டு வைப்போம். 2014ஆம் ஆண்டுவரை உள்ள சீட்டுகள் அப்பாவின் கையெழுத்தில் இருக்கும். அதற்குப் பின்னுள்ளவை என்னுடையவை. அப்பா இன்று இல்லை.

சென்ற ஆண்டு மார்கழியில், விடியற்காலை இரயிலில் செல்லும் என் தம்பிக்காக அம்மா ஒரு ஸ்வெட்டர் பின்ன எண்ணினார். 40 அங்குல மார்பு. 42 அங்குலச் சட்டை. பக்கத்திற்கு 126 கண்ணி. முன்னர் எனக்குப் பின்னிய அதே நூல், அதே 9ஆம் எண் ஊசி. துண்டு பின்னித் துவைத்து உலர்த்தி எண்ணினோம். முன்பு 24 வந்த கைக்கு இப்போது 22 தான் வந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினார். 22 தான்.

"விரலில் பிடிப்புக் குறைந்துவிட்டது தம்பி" என்றார்.

நான் சமாதானம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா அதற்குள் பெட்டியிலிருந்து 10ஆம் எண் ஊசியை எடுத்து இரண்டாவது துண்டுக்குக் கண்ணி ஏற்றத் தொடங்கிவிட்டார். அதில் 24 வந்தது. முதல் ஊசியிலேயே பின்னியிருந்தால் சட்டை 46 அங்குலத்தை எட்டியிருக்கும். தம்பி அதை இன்று அணிந்துதான் வேலைக்குச் செல்கிறான். தோளில் சரியாக அமர்ந்திருக்கின்றது.

ஆகவே, இந்த மார்கழியில் ஊசி எடுக்கும் சகோதரிகள் அனைவரும், எத்தனை ஆண்டு பழகிய கையாயினும், முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கின்றேன். நூல் வாங்கும்போது சட்டை முழுவதற்கும் வேண்டிய நூலை ஒரே சாயத் தொகுதியாக வாங்கிவிடுங்கள். தொகுதி எண் கண்டின்மேல் சுற்றியுள்ள காகிதத்தில் இருக்கும். மாதிரித் துண்டையும் அதிலிருந்தே பின்னுங்கள். சீட்டுக் கட்டிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு அதே நூலை எடுக்கும்போது அச்சீட்டு உங்களுக்கு வழிகாட்டும். ஆனாலும் அப்போதும் புதிதாக ஒரு துண்டு பின்னிப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.